சாயமும் கண்ணாடியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன் நான். என் மகள் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பிளஸ் ஒன்னில் எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று யோசித்தபோது எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய கிளைகளுள் தாய் எது? எது முதலில் தோன்றியது? அறிவியல் வரலாற்றை எந்த வரிசையில் படிக்க வேண்டும்? இவை அனைத்தும் நம் முன்னோர் அறிந்தவையே என்கிறார் நண்பர் ஒருவர். எனக்கோ, தறிக்குழியில் பிறந்து தமிழ்வழியில் படிக்கும் எங்களுக்கும் அறிவியலுக்கும் வெகுதூரம் என்றே தோன்றுகிறது.

எஸ்., குடியாத்தம்

அன்புள்ள எஸ்.,

பழமையைக் கேட்டால் வானியலைச் சொல்ல வேண்டும். பாபிலோனியர் வெள்ளிக் கோள் தோன்றுவதையும் மறைவதையும் களிமண் பலகைகளில் குறித்து வைத்தார்கள். வேதியியல் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியரின் தராசுத் தட்டில் இன்றைய உருவத்தை அடைந்தது. உயிரியல் தனித்துறையாகப் பெயர் பெற்றது அதற்கும் பிறகு. ஆனால் தாய் எது, மகள் எது என்னும் ஆராய்ச்சி உங்களை எங்கும் கொண்டுசேர்க்காது, அதை விட்டுவிடுங்கள். முன்னோர் எதை அறிந்திருந்தார்கள், எதை அறியவில்லை என்று பிரித்துப் பார்க்கும் பொறுமை இல்லாதவர் முன்னோரை மதிப்பவராக இருக்க முடியாது என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கடைசி வரியைத்தான் என்னால் விட முடியவில்லை. தறிக்கும் அறிவியலுக்கும் வெகுதூரம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்தச் சொல்லை உங்கள் மகள் காதுபட ஒருமுறையேனும் சொல்லியிருந்தால், அது அவளுக்கு நீங்கள் செய்த அநியாயம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் 1632-இல் பிறந்த ஆண்டனி வான் லேவன்ஹுக் ஒரு துணி வியாபாரி. துணியின் இழையைக் கண்ணாடி வைத்துப் பார்த்துத் தரம் சொல்லும் தொழில் அது. அவர் பல்கலைக்கழக வாசலை மிதித்தவரல்லர். அன்றைய அறிஞர்களின் மொழியான லத்தீன் அவருக்குத் தெரியாது. தாய்மொழியான டச்சு மட்டுமே தெரியும். ஆனால் மணி போன்ற சிறு கண்ணாடி வில்லைகளை (லென்ஸ்களை) தம் கையாலேயே செய்து, உள்ளங்கையில் அடங்கும் உலோகத் தகட்டில் பொருத்தி, கண்ணோடு ஒட்டிப் பிடித்து எதையும் பார்த்தார். மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. மிளகைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்த நீரில் ஒரு துளியை எடுத்துப் பார்த்தார். காரத்தின் காரணம் அகப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கூட்டங்கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. 1676-இல் இதை லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு டச்சு மொழியிலேயே கடிதமாக எழுதினார். அங்கிருந்தவர்கள் முதலில் நம்பவில்லை. மறு ஆண்டு ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் அதே சோதனையைச் செய்து சபையினர் கண்ணாலேயே காணும்படி காட்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். 1680-இல் அந்தத் துணி வியாபாரியைத் தங்கள் உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தார்கள். தமிழ்வழியில் படித்த பெண்ணுக்கு அறிவியல் வாய்க்குமா என்று தயங்குகிறீர்களே, பாக்டீரியாவை மனிதகுலத்துக்கு முதலில் அறிவித்த கடிதம் அறிஞர் மொழியில் எழுதப்பட்டதன்று என்பதை எண்ணிப் பாருங்கள்.

கதை அங்கே முடியவில்லை. அடுத்த பகுதி நேராக உங்கள் ஊர்ச் சாயப்பட்டறைக்கே வருகிறது. 1856-இல் வில்லியம் பெர்கின் என்னும் 18 வயது மாணவர், மலேரியாவுக்கு மருந்தான குயினைனை நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருள்களைக் கொண்டு செய்துவிடலாம் என்று, ஈஸ்டர் விடுமுறையில் தம் வீட்டு ஆய்வறையில் முயன்றார். குயினைன் வரவில்லை, பட்டில் ஊதாவாக ஏறும் ஒரு சாயம் வந்தது. அதைத் தொடர்ந்து செயற்கைச் சாயங்கள் வரிசையாகப் பிறந்தன. (1897-இல் சந்தைக்கு வந்த செயற்கை அவுரி நீலச் சாயம், சென்னை மாகாணத்து அவுரிச் சாகுபடியை நசித்துப்போகச் செய்ததும் இந்த வரலாற்றில் அடக்கம், அதை மறைத்து எழுதக் கூடாது.) துணிக்கென்று செய்த அந்தச் சாயங்களைப் பால் எர்லிக் போன்ற மருத்துவர்கள் உயிரணுக்களின்மேல் இட்டுப் பார்த்தார்கள். ஒரு சாயத்தை ஒரு திசு வாங்கிக்கொள்கிறது, மற்றொன்று வாங்குவதில்லை என்று கண்டார்கள். அதுவரை லென்ஸின் கீழ் நிறமற்ற நிழலாகத் தெரிந்தவை சிவப்பும் நீலமுமாகப் பிரிந்து நின்றன. 1882-இல் ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியை உலகுக்குக் காட்டியதும் சாயத்தின் துணையால்தான்.

நான் படித்து மட்டும் இதைச் சொல்லவில்லை. எழுபதுகளில் என் மாமா ஒருவர் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறையில் அவரைப் பார்க்கப் போவேன். நோயாளியின் காதுமடலை இரு விரல்களால் இறுக்கிப் பிடித்து, இரத்தம் விலகித் தோல் வெளுத்ததும் பிளேடால் மெல்லக் கீறி, கீறலின் உட்புறத்தைச் சுரண்டிக் கண்ணாடித் துண்டில் தடவுவார்கள். பிறகு சிவப்புச் சாயத்தை ஊற்றி, கீழே ஸ்பிரிட் விளக்கைக் காட்டி ஆவி வருமளவுக்குச் சூடேற்றுவார்கள். அடுத்து அமிலத்தால் கழுவும்போது மற்ற எல்லாவற்றிலிருந்தும் சிவப்பு வடிந்துவிடும். மெழுகுப் பூச்சு கொண்ட தொழுநோய்க் கிருமி மட்டும் பற்றிய சாயத்தை விடாது. கடைசியில் நீலம். மாமா ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸை இறக்கி, என்னை ஸ்டூலில் உட்காரவைத்தார். நீலப் பரப்பில் சிவந்த குச்சிகள், பீடிக்கட்டு போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. நார்வேயின் பெர்கன் நகரில் 1873-இல் ஹான்சன் என்னும் மருத்துவர் சாயமில்லாமல் கண்டு, இதுவே நோய்க்குக் காரணம் என்று வாதிட்ட அதே குச்சிகள். பாவம், சாபம், பரம்பரை வினை என்றெல்லாம் என் தெருவில் கேட்டிருந்த நோயின் காரணத்தை நான் என் கண்ணால் பார்த்தேன்.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கண்ணாடித் துண்டில் இருந்தது எந்தக் கிளை? ஒளியை வளைத்த லென்ஸ் இயற்பியல், சாயமும் அமிலமும் வேதியியல், கிருமி உயிரியல். ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் குருடாகிவிடும். கிளைகள் என்பவை பாடத்திட்டம் வகுக்கவும் துறை அமைக்கவும் நாம் போட்ட வேலிகள். கருவியும் கைத்தொழிலும் அந்த வேலிகளை எந்தக் காலத்திலும் மதித்ததில்லை. வில்லை தேய்த்தவனும் சாயம் காய்ச்சியவனும் இல்லாத அறிவியல் வரலாறு, பெரிய மனிதர்களின் பெயர்ப் பட்டியலாகத்தான் மிஞ்சும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பட்டியலைத்தான் மனப்பாடம் செய்ய வைக்கிறோம்.

என் மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. நான் படித்த பள்ளியில் ஒரு நல்ல நுண்ணோக்கி இருந்தது. கண்ணாடி பீரோவுக்குள், துணி மூடி, பூட்டப்பட்டிருந்தது. ஆய்வு அதிகாரி வரும் நாளில் மட்டும் துணியை எடுப்பார்கள். உடைந்துவிட்டால் யார் பொறுப்பு என்பது ஆசிரியரின் கவலை; அவர் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்ற அச்சம் அவருக்கு இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் லென்ஸில் கண் வைக்காமலே உயிரணுவின் படத்தை வரைந்து பாகம் குறித்து மதிப்பெண் வாங்கியவர்களுக்கு, அறிவியல் எங்கோ, யாருக்கோ உரியது என்றுதானே தோன்றும்? உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கிறது. இன்றைக்கும் பல பள்ளிகளில் அந்தப் பீரோ திறக்கப்படுவதில்லை என்று வாசகர்கள் எழுதுகிறார்கள். நுண்ணோக்கி உடைந்தால் வேறொன்று வாங்கலாம். பார்க்காமலே போன ஒரு தலைமுறையை எங்கே போய் வாங்குவது?

எந்தப் பிரிவு என்று கேட்டீர்கள். அதை அவள் முடிவு செய்யட்டும். வேலை கிடைக்கும் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதை வைத்து நீங்கள் முடிவு செய்யாதீர்கள். சேர்க்கைக்குப் போகும் அன்று பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி இருக்கிறதா, பீரோ சாவி யாரிடம் இருக்கிறது, மாணவர்கள் அதை எப்போது தொடலாம் என்று தலைமையாசிரியரிடம் மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். அவள் ஏரித் தண்ணீரில் ஒரு துளியை வைத்துப் பார்க்கட்டும். பார்த்ததை அவளே எனக்குத் தமிழில் எழுதட்டும், பதில் எழுதுகிறேன்.