பழைய சீக்கோ 6309 டைவ் வாட்ச்சைச் சீர்செய்யும்போது எல்லாமே ஒரிஜினல் பாகமாக இருக்க வேண்டுமா?

எல்லாம் தேவையில்லை. டயல், முள், கேஸ் (வாட்ச்சின் உலோக உடல்) மூன்றும் ஒரே வாட்சுக்குரியவையாக இருந்தால் போதும்.

6309-7040 மாடல் 1976 முதல் 1988 வரை வந்தது. பின்மூடியின் சீரியலில் முதல் இலக்கம் ஆண்டு, அடுத்தது மாதம். 8 என்றால் 1978-ஆகவும் இருக்கலாம், 1988-ஆகவும் இருக்கலாம். டயலின் அடியோரத்தில் பொடி எழுத்தில் உள்ள எண் 6309 என்று தொடங்க வேண்டும் (போலிகளிலும் அது இருக்கும், அதை மட்டும் நம்பாதீர்கள்). இருட்டில் முள் பளீரென்று ஒளிர்ந்தால் பூச்சு புதிது. நாற்பது வருடப் பூச்சு அப்படி மின்னாது.

கண்ணாடி, பெசல் இன்சர்ட் (கண்ணாடியைச் சுற்றிய வளையத்தில் எண்கள் உள்ள தகடு) மாற்றுவது தப்பில்லை, கழற்றியதைப் பத்திரமாக வையுங்கள். கேஸுக்கு மட்டும் பாலிஷ் வேண்டாம். மழுங்கிய விளிம்பு திரும்ப வராது. நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் புதிதாகவே இருக்கட்டும். அப்புறம், டயலில் 150 மீட்டர் என்றிருப்பதை நம்பி, பிரஷர் டெஸ்ட் செய்யாமல் நீரில் இறங்காதீர்கள்.