எடை சரியாக இருந்தாலும் சர்க்கரையைப் பாருங்கள்

சிறுவயதிலோ இளமையிலோ புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று மீண்டவர்களும் அவர்களின் குடும்பத்தாரும் பினாங்கிலிருந்து கேட்டவற்றுக்கு, இத்தகையோரைக் கவனித்துவரும் மூத்த தாதி ஒருவர் பதிலளிக்கிறார்.

என் மகனுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய். முழு உடலுக்கும் கதிர்வீச்சு கொடுத்து எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். இப்போது 19 வயது, நல்ல ஒல்லி. அவனுக்கு எதற்கு சிஸ்டர் இனிப்புநீர் (நீரிழிவு) பரிசோதனை? (பட்டர்வொர்த்)

ஒல்லியாக இருக்கிறான் என்று விட்டுவிடுவார்கள் என்பதுதான் என் கவலை, அம்மா. முழு உடல் கதிர்வீச்சு, இன்சுலின் சுரக்கும் கணையத்தையும் தொட்டிருக்கும். அதோடு இப்படி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தசை குறைந்தும் கொழுப்பு கூடியும் இருப்பதுண்டு. சாப்பிட்ட சர்க்கரையில் கணிசமான பங்கைத் தசை வாங்கிக்கொள்கிறது. தராசு இதைக் காட்டாது. ரத்தச் சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது, ரத்த அழுத்தம் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7.0 மில்லிமோலோ அதற்கு மேலோ, அல்லது நம் நாட்டு வழிகாட்டியின்படி ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 6.3 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் இனிப்புநீர். அறிகுறி இல்லாவிட்டால் மறுமுறை சோதித்து உறுதிசெய்வார்கள். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் கோளாறு இருந்தாலோ அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ ஹெச்பிஏ1சி ஏமாற்றும். அப்போது வெறும் வயிற்றுச் சோதனையைக் கேளுங்கள்.

பத்து வயதில் மூளைக் கட்டிக்காகத் தலையில் கதிர்வீச்சு. அளவாகத்தான் சாப்பிடுகிறேன், எடை ஏறிக்கொண்டே போகிறது. வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறேன். (ஆயர் ஈத்தாம்)

தங்கச்சி, இந்தப் பதிலை வீட்டாருக்கு வாசித்துக் காட்டுங்கள். பசியையும் நிறைவையும் ஆளும் ஹைப்போதலாமஸ் மூளையின் அடியில் இருக்கிறது. அதன் கீழேயே பல ஹார்மோன்களை ஆளும் பிட்யூட்டரி சுரப்பி. கட்டியோ கதிர்வீச்சோ அவற்றைப் பாதித்தால் எடை ஏறும், வளர்ச்சி ஹார்மோன் குறையும், இடுப்பில் கொழுப்பு சேரும். உங்கள் மன உறுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. திட்டித் திட்டி யாரும் ஹார்மோனைச் சுரக்க வைத்ததில்லை.

ஹார்மோன் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டுக்கு, அதைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டிஎஸ்ஹெச் மட்டும் போதாது, தைராய்டே சுரக்கும் ஃப்ரீ டி4-உம் பார்க்க வேண்டும். பிட்யூட்டரி பழுதானால் டிஎஸ்ஹெச் சரியாக இருப்பதுபோல் தோன்றும். தைராய்டு குறைந்தால் கெட்ட கொழுப்பும் ஏறும். இடுப்பளவையும் குறித்து வாருங்கள். ஆசியப் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் எச்சரிக்கைக் கோடு.

கெட்டிப்பால் ஊற்றி ஆற்றும் தே தாரிக்கை விடவே முடியவில்லை. (ஜெலுத்தோங்)

கெட்டிப்பாலைக் குறைக்கச் சொல்லுங்கள், நாளுக்கு ஒன்றோடு நிறுத்துங்கள். மற்ற வேளைக்குப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங்.

எலும்புப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏற்றினார்கள். 27 வயது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுக்கலாமா? (பிறை)

தம்பி, முதலில் இதய எக்கோ ஸ்கேன் எடுங்கள். டாக்ஸோரூபிசின் இதயத் தசையைத் தளர்த்தக்கூடியது. மொத்தம் உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ தேவை. ரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டால் இதயம் செயலிழக்கும் ஆபத்து பல மடங்கு. காவடியோடு 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏறுவது சின்ன வேலையல்ல. மருத்துவர் சரி என்ற பிறகு வேண்டுதலை நிறைவேற்றுங்கள். சைவ விரதம் நல்லதுதான். ஆனால் இனிப்புநீர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் ஒருவேளை உணவென்று இருக்கும் முன் மருந்தளவைக் கேட்டாக வேண்டும். பிட்யூட்டரி பழுதால் குறைந்த ஹார்மோனுக்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் எடுப்பவர் அதை ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

சிகிச்சை கோலாலம்பூரில். இப்போது பாயான் லெப்பாஸில் இருக்கிறேன். இங்குள்ள கிளினிக்கில் என் பழைய கதை யாருக்கும் தெரியாது.

அந்த மருத்துவமனைக்கு எழுதி சிகிச்சைச் சுருக்கம் வாங்குங்கள். மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றின் மொத்த அளவு, கதிர்வீச்சு பட்ட இடம், அதன் அளவு, அப்போதைய வயது ஆகியவை அதில் இருக்க வேண்டும். யாருக்கு எந்தச் சோதனை என்பதை அந்தத் தாள்தான் முடிவுசெய்கிறது. அதைக் காட்டினால் சர்க்கரை, கொழுப்பு, அழுத்தம் மூன்றையும் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலேயே பார்க்கலாம். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். விண்ணப்பத்தில் அடையாள அட்டை எண்ணோடு, சிறுவயதுச் சிகிச்சை என்றால் பிறப்புச் சான்றிதழ் எண்ணையும் எழுதுங்கள். பழைய கோப்பு அந்த எண்ணில் இருக்கக்கூடும்.