குன்னூர் கிட்டாருக்கு எந்த ட்ரெமலோ பிரிட்ஜ்?

கேள்வி: குன்னூரில் இருக்கிறேன். எஸ்டேட்டில் அறுத்த சில்வர் ஓக் பலகையில், தெரிந்த ஆசாரி அண்ணன் உதவியோடு ஸ்ட்ராட் வடிவத்தில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்கிறேன். பலகை 45 மி.மீ. தடிமன். 648 மி.மீ. ஸ்கேல் (நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை உள்ள கம்பி நீளம்) கொண்ட ரெடிமேட் நெக் வாங்கிவிட்டேன். ஞாயிறு காலை சர்ச்சில் வாசிப்பேன், மற்ற நாட்களில் நண்பர்களோடு ராக். ஃப்ளாய்ட் ரோஸ் ட்ரெமலோ பிரிட்ஜ் போட ஆசை. சிலர் வேண்டாம் என்கிறார்கள். பாடியில் இன்னும் ஒரு துளைகூடப் போடவில்லை. எதை வாங்குவது?

பதில்: துளை போடுவதற்கு முன்பே கேட்டது நல்லதாகப் போயிற்று. ட்ரெமலோ என்றால் அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் பிரிட்ஜ். இரண்டு ஸ்டட்டில் (பிரிட்ஜைத் தாங்கும் தடித்த ஸ்க்ரூ) நிற்கும் சாதாரண ட்ரெமலோவுக்கு ஸ்டட்டுகளின் மையங்களுக்கு இடையே பெரும்பாலும் 56 மி.மீ. இருக்கும். ஃப்ளாய்ட் ரோஸுக்கு ஏறக்குறைய 74 மி.மீ. ஒன்றுக்குத் துளைத்த பிறகு மனம் மாறினால், பழைய துளைகளில் கட்டை இறக்கி ஒட்டி, காயவிட்டு, மறுபடி துளைக்க வேண்டியதுதான். அதனால் பிரிட்ஜ் வீட்டுக்கு வந்து, அதை வெர்னியரில் அளந்து முடிக்கும் வரை பலகையில் பென்சில்கூடப் படக்கூடாது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு ஏற்றது இரண்டு ஸ்டட் ட்ரெமலோ. கூடவே கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் லாக்கிங் ட்யூனரும், நன்றாக அறுத்த நட்டும் (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் பள்ளப் பட்டை). ஃப்ளாய்ட் ரோஸ் இந்தக் கிட்டாருக்கு வேண்டாம்.

ஃப்ளாய்ட் ரோஸ் மட்டமான பொருள் என்று இதற்கு அர்த்தமில்லை. 1970-களின் பிற்பகுதியில் அதே பெயர் கொண்ட அமெரிக்கக் கிட்டார்க்காரர் உருவாக்கியது. கம்பியை நட்டிலும் பிரிட்ஜிலும் இரண்டு முனையிலும் இறுக்கிப் பூட்டிவிடும். கம்பிகள் தொளதொளவென்று தொங்கும் அளவுக்கு வாமி பாரை (பிரிட்ஜை அசைக்கும் கைப்பிடி) அமுக்கிப் பிறகு விட்டாலும் சுருதி பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஆனால் நட்டைப் பூட்டிய பிறகு தலைப்பக்க ட்யூனர்களுக்கு வேலையில்லை. பிரிட்ஜில் இருக்கும் ஃபைன் ட்யூனர்கள்தான் கதி, அவையும் கொஞ்ச தூரமே திரும்பும். மேட்டுப்பாளையம் வெயிலில் சுருதி சேர்த்துப் பூட்டிய கிட்டாரை அன்று மாலையே குன்னூருக்கு ஏற்றிக்கொண்டு வந்தால், 1,500 மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள். எஃகுக் கம்பி குளிரில் சுருங்கும். காற்றின் ஈரத்தைப் பொறுத்து நெக் மரமும் அடுத்த சில நாட்களில் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். ஃபைன் ட்யூனரின் எல்லை தாண்டிவிட்டால் ஆலன் கீயைத் தேடி, நட்டைத் திறந்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பாடியில் படியாமல் மிதக்கும் பிரிட்ஜே குளிருக்கு ஆகாது என்று பொதுவாகச் சொல்வார்கள். அது முழுக்கச் சரியில்லை. மேலே கம்பிகள், கீழே ஸ்பிரிங்குகள், நடுவில் தராசு முள் போல பிரிட்ஜ். எல்லாக் கம்பிகளும் ஒருசேரச் சுருங்கினால் பிரிட்ஜ் சற்றே முன்னால் சாய்ந்து, கூடிய இழுவையில் ஒரு பங்கைத் தானே ஈடுகட்டிவிடும். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு கம்பியைத் திருத்தினால் மற்ற ஐந்தும் நகரும். ஒன்று அறுந்தால் மீதி ஐந்தும் சுருதி ஏறிப்போகும். ஆராதனை நடுவே, அடுத்த பாட்டுக்கு ஆயர் கைகாட்டிக் காத்திருக்கும்போது இது நடந்தால் கிட்டாரைக் கீழே வைப்பதைத் தவிர வழியில்லை.

இரண்டு ஸ்டட் ட்ரெமலோவை மிதக்கவும் விடலாம், பாடியோடு படியவும் வைக்கலாம். படியவைக்க நாலு அல்லது ஐந்து ஸ்பிரிங் மாட்டி, பின்பக்கக் கிளாவின் (ஸ்பிரிங்குகளை மாட்டும் தகடு) ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். மூன்றாவது கம்பியை ஒரு முழு ஸ்வரம் மேலே பெண்ட் செய்து பாருங்கள். பிரிட்ஜின் பின்பக்கம் பாடியை விட்டு எழும்பாமல் இருந்தால் போதும். அப்புறம் கம்பி அறுந்தாலும் மற்றவை அசையாது, ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று ஓடாது. வாமி பாரை அமுக்கலாம், மேலே இழுக்க முடியாது, அவ்வளவுதான் நஷ்டம். சில மாதம் கழித்து மேலேயும் இழுக்க ஆசை வந்தால் கிளாவைத் தளர்த்தி, பாடிக்கும் பிளேட்டுக்கும் இடையே 2.5 மி.மீ. போல இடைவெளி விட்டுச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஃப்ளாய்ட் ரோஸையும் படியவைக்கலாம்தான், ஆனால் நட்டுப் பூட்டும் ஆலன் கீயும் கூடவே வரும்.

பாடியின் மேலேயே மாட்டும் பிக்ஸ்பி என்ற ட்ரெமலோ பற்றி நீங்கள் கேட்கவில்லை, யாராவது சொல்வார்கள். பலகையைக் குடைய வேண்டாம் என்பது அதன் வசதி. லேசான அலை போன்ற அசைவுக்கு அழகாக இருக்கும், ராக் பாடலில் ஆழமாக அமுக்குவதற்கு உதவாது. விடுங்கள்.

உண்மையான கவலை உங்கள் மரம்தான். தேயிலைக்கு நிழல் கொடுக்க வளர்க்கும் சில்வர் ஓக்கில் ரேகை அழகாக விழும், ஆனால் ரோஸ்வுட் போல இறுக்கமான மரம் அல்ல. 1954-ல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தபோது ட்ரெமலோ ஆறு ஸ்க்ரூவில் நின்றது. பாரம் ஆறு இடத்தில் பிரிந்தது. இரண்டு ஸ்டட் என்றால் முழுப் பாரமும் இரண்டே துளையில். 10 முதல் 46 வரையிலான (அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு தடிமன்) கம்பி செட்டை இந்த ஸ்கேலில் மாட்டினால் ஆறு கம்பிகளும் சேர்ந்து 45 கிலோவுக்குக் குறையாமல் இழுக்கும். ஸ்பிரிங்குகளும் அதே பக்கம், நெக்கை நோக்கித்தான் இழுக்கின்றன. மென்மையான மரத்தில் புஷ் (ஸ்டட் திருகி இறங்கும் உலோகக் குழல்) மெல்ல மெல்ல முன்னால் சாய்ந்துவிடும். ஸ்டட் சாய்ந்த பிரிட்ஜ் எந்த விலையில் வாங்கியதானாலும் சுருதியில் நிற்காது.

அதற்காக ஆறு ஸ்க்ரூவுக்குப் போக வேண்டியதில்லை. புஷ் இறங்கும் இரண்டு இடத்திலும் 20 மி.மீ. அகலத்துக்கு, 25 மி.மீ. ஆழத்துக்குக் குடைந்து, வேங்கையோ பழைய ஃபர்னிச்சரில் மிஞ்சிய ஈட்டித் துண்டோ வைத்து எபாக்ஸியில் ஒட்டச் சொல்லுங்கள். கட்டையின் ரேகை பாடியின் ரேகை போகும் திசையிலேயே ஓட வேண்டும். உருண்டைக் குச்சியைச் செங்குத்தாக இறக்கினால் பிடிப்பு குறையும். நன்றாகக் காய்ந்த பிறகு டிரில் ஸ்டாண்டில் வைத்து நேராகத் துளையுங்கள், கையில் பிடித்த டிரில் வேண்டாம். புஷ்ஷின் விட்டத்தை அளந்து, முதலில் வீண் துண்டில் துளைத்து, தட்டினால் இறுக்கமாக இறங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, பலகையை அறுத்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று நீங்கள் சொல்லவில்லை. மலை ஈரத்தில் காய நாளாகும். வாரம் ஒருமுறை எடை போட்டு எழுதிவையுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் ரவுட்டரை எடுக்க வேண்டும்.

ஆசாரி அண்ணனிடம் நூல் கணக்கில் பேசாதீர்கள். கதவுக்கும் கட்டிலுக்கும் அரை நூல் பிசகினால் ஒன்றுமில்லை. இங்கே அரை நூல் என்பது ஒன்றரை மில்லிமீட்டர், முதல் கம்பி ஃபிரெட் ஓரத்திலிருந்து வழுக்கி விழ அதுவே போதும். முதலில் நெக்கைப் பொருத்துங்கள். நெக்கின் இரண்டு ஓரங்களையும் ஒட்டி மெல்லிய தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டினால் பிரிட்ஜின் நடு எங்கே வருகிறது என்று தெரிந்துவிடும், பாடியில் போட்ட நடுக்கோட்டை மட்டும் நம்ப வேண்டாம். நட்டிலிருந்து 648 மி.மீ. அளந்த இடத்தில் முதல் கம்பியின் சாடில் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) ஏறக்குறைய முன்னால் தள்ளிய நிலையில் நிற்க வேண்டும். தடித்த கம்பிகளின் சாடில் பின்னால்தான் போகும், அதற்கு இடம் இருக்க வேண்டும்.

வாங்கும்போது முதல் கம்பிக்கும் ஆறாவது கம்பிக்கும் இடையே உள்ள அகலத்தைப் பாருங்கள். பழைய ஸ்ட்ராட் அளவு 56 மி.மீ. கோட்டோ நிறுவனத்தின் 510 வகையில் 54 மி.மீ. உள்ளது கிடைக்கும். ஃபெண்டரின் நவீன இரண்டு ஸ்டட் மாடல்களில் 52.5 மி.மீ. ரெடிமேட் நெக்குக்கு 54 அல்லது அதற்குக் கீழே இருந்தால் ஓரத்தில் தாராளமாக இடம் கிடைக்கும். பிரிட்ஜின் அடியில் ஸ்பிரிங்குகள் மாட்டும் கட்டியான பிளாக் எஃகா, துத்தநாக வார்ப்பா என்று கேளுங்கள். எஃகை எடுங்கள். ஸ்டட்டில் உரசும் கத்தி விளிம்பு மழுங்கினால் பிரிட்ஜ் திரும்பி வராது, மலிவு பிரிட்ஜ்களில் முதலில் போவது அந்த இடம்தான். நம் ஊர் மூடுபனிக்கு அந்த விளிம்பில் துளி வாசலின் தடவி வையுங்கள், துரு அண்டாது.

நெக் பாக்கெட் ஆழத்தையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். ஸ்ட்ராட் வழக்கம் 16 மி.மீ. ஆழம். நெக்கின் அடி 25 மி.மீ. தடிமன் இருந்தால் ஃபிங்கர்போர்டு பாடிக்கு மேலே 9 மி.மீ. போல நிற்கும், இந்த வகை பிரிட்ஜுக்கு அது பொருந்தும்.

சுருதி நிற்கவில்லை என்று பிரிட்ஜைத் திட்டுபவர்களில் பெரும்பாலோருக்குக் குற்றவாளி நட். பள்ளத்தில் கம்பி மாட்டிக்கொண்டு, வாமி பாரை விட்டதும் முழுக்கத் திரும்பாது. சுருதி சேர்க்கும்போது டிக் டிக் என்று சத்தம் வந்தால் அதுதான். பள்ளம் கம்பியைவிட ஒரு மயிரிழை அகலமாக, ட்யூனரை நோக்கிச் சரிவாக இருக்கட்டும். பென்சில் கரி தேய்த்தால் இன்னும் நல்லது. லாக்கிங் ட்யூனரில் கம்பியை ஒரு சுற்றுகூடச் சுற்ற வேண்டியதில்லை, அதனால் சுற்று நழுவுவதும் இல்லை.

எர்த் ஒயரை ஸ்பிரிங் கிளாவில் பற்றவைக்க வேண்டும். கிளா சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், 25 வாட் அயர்ன் போதாது, 60 வாட்டாவது வேண்டும். அந்த ஒயர் வழியாகக் கம்பிகளும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தோடு சேர்ந்துவிடுகின்றன. மலையில் பழைய கட்டடங்கள் அதிகம். சர்ச்சில் நீங்கள் ஆம்ப்பைச் செருகும் மூன்று பின் பாயிண்ட்டில் எர்த் உண்மையிலேயே வருகிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகு கம்பியில் கை வையுங்கள்.