பன்னாடையும் அரக்கும்: வீட்டிலேயே கொலாகிராஃப்

கேள்வி: அட்டையில் ஃபெவிகால் தடவி வாழைச்சருகு, உமி, கோணித் துண்டு எல்லாம் ஒட்டி, மை பூசி அச்செடுத்தேன். ஈரக் காகிதம் அட்டையோடு ஒட்டிக் கிழிந்துவிட்டது. கிழியாத இடத்தில் வெறும் கறுப்புத் திட்டு. அச்சு இயந்திரம் இல்லாமல், இப்படி ஒட்டி அச்செடுக்கும் கொலாகிராஃப் சாத்தியமா? (மன்னார்குடி வாசகி)

பதில்: தாராளமாகச் சாத்தியம். நீங்கள் எடுத்த பொருள்கள் நல்லவைதான். ஒட்டுவதற்கும் மை பூசுவதற்கும் நடுவே ஒரு வேலை விட்டுப்போயிருக்கிறது: அரக்குப் பூச்சு.

ஃபெவிகால் காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் இளகும். அதன்மேல் நனைந்த காகிதத்தை வைத்து அழுத்தினால் ஒட்டாமல் என்ன செய்யும்? தச்சர்கள் மரத்துக்குப் பூசும் பிரெஞ்சு பாலிஷ், அதாவது ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். அட்டையின் முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம் எல்லாவற்றிலும் குறைந்தது இரண்டு கை பூசுங்கள். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்தபின் அடுத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் எதுவும் சீக்கிரம் காயாது. ஃபெவிகாலுக்கே ஒரு முழு நாள் கொடுத்துவிட்டு, மின்விசிறிக்கடியில் வைத்துப் பூசுங்கள்.

இந்தப் பூச்சில் இன்னொரு பெரிய வசதி இருக்கிறது. அட்டை முழுக்க மை பூசி, மேலே நிற்கும் மையைத் துணியால் துடைத்தெடுத்துவிட்டு அச்செடுக்கும் முறையில் வழவழப்பான இடம் வெளுப்பாகவும், சொரசொரப்பான இடம் மையைப் பிடித்துக் கறுப்பாகவும் விழும். ஒரே மணற்பரப்பில் பாதிக்கு இரண்டு பூச்சு, மீதிக்கு ஐந்து பூச்சு கொடுத்துப் பாருங்கள். கறுப்பும் சாம்பலும் தனித்தனியாக வரும். பிளேடால் அட்டையின் மேல்தாளைக் கீறி உரித்தாலும் அந்த இடம் கறுக்கும். ஃபெவிகாலில் இழுத்த கோடு காய்ந்தபின் இந்த முறையில் வெள்ளைக் கோடாகும். எனக்கு இந்த வித்தையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

அடுத்தது உயரம். ஒட்டும் எதுவும் ஒரு ரூபாய்க் காசின் தடிமனைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அதைச் சுற்றிக் காகிதம் தொடாமல் போகும், அல்லது கிழியும். கோணியைத் துண்டாக ஒட்டாமல் இழை இழையாகப் பிரித்து ஒட்டுங்கள். வைக்கோலைப் பிளந்து தட்டையாக்குங்கள். ஆற்றுமணலை டீ வடிகட்டியில் சலித்துக்கொள்ளுங்கள். பச்சை இலை வேண்டாம். புத்தகத்துக்குள் ஒரு வாரம் வைத்துக் காயவிடுங்கள். நம் ஊரில் காசில்லாமல் கிடைப்பதில் ஆகச் சிறந்தது தென்னம் பன்னாடை. அந்தப் பின்னலை எந்தக் கடைத்துணியும் தராது. மெல்லியதாகப் பார்த்து எடுங்கள்.

சரி, இயந்திரம் இல்லையே? துடைத்தெடுக்கும் முறைக்கு நல்ல அழுத்தம் வேண்டும், கையால் அது முழுமையாக வராது. அதனால் முதலில் மேட்டுப் பகுதியை மட்டும் அச்செடுங்கள். பழைய வேட்டித் துணியில் பஞ்சைப் பொதிந்து, மையை மிக மெல்லியதாக ஒற்றி ஒற்றி ஏற்றுங்கள். உங்களுக்குக் கறுப்புத் திட்டு விழுந்தது பெரும்பாலும் மை அதிகமானதால்தான். மெல்லிய காகிதத்தை வைத்துக் குழிக்கரண்டியின் முதுகால் வட்டமாகத் தேயுங்கள். ஒரு ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, போதாத இடத்தில் மறுபடி தேய்க்கலாம்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் ஆஃப்செட் மை கொஞ்சம் கேட்டு வாங்குங்கள். அக்ரிலிக் வண்ணம் என்றால், கரண்டியால் தேய்ப்பதற்குள் காய்ந்துவிடும். வேலை முடிந்ததும் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். ஸ்பிரிட் மட்டும் வேண்டாம், அரக்கே கரைந்துவிடும்.

1950களில் இந்த வித்தைக்குக் கொலாகிராஃப் என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் சியாட்டிலில் கற்பித்த அச்சுக் கலைஞர் கிளென் ஆல்ப்ஸ். 'கொல்லா' என்றால் கிரேக்கத்தில் பசை. பசையும் அட்டையும்தான் இதன் மூலதனம், அதனால் தைரியமாக இரண்டு மூன்று அட்டை செய்து பழகுங்கள்.

அப்புறம் ஒன்று: முதல் அச்சு பெரும்பாலும் வெளிறித்தான் வரும். அதைப் பார்த்து அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். துடைக்காமல் மறுபடி மை ஒற்றி எடுங்கள். இரண்டாவது மூன்றாவதில் பன்னாடையின் பின்னல் இழை இழையாகத் தெளியும்.