மின் பிக்கப்புக்கு டயர் வாங்குமுன் ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள்

கேள்வி: நாங்கள் மிச்சிகனில், டெட்ராய்ட் அருகே வசிக்கிறோம். என்னிடம் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் மின் பிக்கப் இருக்கிறது. 20 அங்குல ரிம், பெரிய பேட்டரி. வண்டியோடு வந்த டயர்களின் பட்டன் தேய்ந்து வழுக்கையாகிக்கொண்டிருக்கிறது. "இவ்வளவு கனமான வண்டிக்கு பத்து ப்ளை எல்டி டயர்தான் சரி, ஆல்-டெரெய்ன் போடுங்கள்" என்கிறார் டயர் கடைக்காரர். அதைப் போட்டால் ரேஞ்ச் (ஒரு முறை சார்ஜில் ஓடும் தூரம்) பாதியாகிவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். தினமும் அலுவலகம், கோடையில் ஒரு சிறிய படகை இழுப்பது, குளிர்காலத்தில் பனி. என் ஓட்டம் இவ்வளவுதான். எந்த டயர் வாங்குவது? இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அதே அளவு, அதாவது 275/60 ஆர் 20. எக்ஸ்எல், அதாவது கூடுதல் சுமை தாங்கும் கார் வகை. நெடுஞ்சாலைக்கான ஆல்-சீசன் டயர், பக்கச் சுவரில் மூன்று மலைச் சிகரமும் பனித்துகளும் சேர்ந்த முத்திரையோடு. பத்து ப்ளை எல்டி டயர், அதாவது பாரவண்டிக்கான தடித்த டயர், உங்களுக்கு வேண்டியதில்லை. ரேஞ்ச் பாதியாகும் என்று நண்பர் சொன்னதும் மிகை.

கடைக்காரரின் கவலை நியாயமானதுதான். லைட்னிங்கின் எடை, மாடலைப் பொறுத்து, ஏறத்தாழ 6,000 பவுண்டிலிருந்து 6,900 பவுண்டு வரை. அதே வசதிகளுள்ள பெட்ரோல் எஃப்-150 வண்டியைவிட ஆயிரம் பவுண்டுக்கு மேல் கூடுதல். ஆனால் எடை அதிகம் என்பதற்காக நேரே எல்டி டயருக்குத் தாவக் கூடாது. எவ்வளவு எடை, அதை எந்த டயர் எந்தக் காற்றழுத்தத்தில் தாங்கும் என்று கணக்குப் பார்த்தால் போதும். அதற்கான எண்கள் உங்கள் வண்டியிலேயே இருக்கின்றன.

ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவு மூடும் தூணைப் பாருங்கள். டயரின் அளவும் காற்றழுத்தமும் ஒரு ஸ்டிக்கரில் இருக்கும். முன் அச்சும் பின் அச்சும் தாங்கக்கூடிய உச்ச எடை இன்னொன்றில் இருக்கும். அடுத்து, பழைய டயரின் பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். அதுதான் சுமைக் குறியீடு. 114 என்றால் ஒரு டயர் 1,180 கிலோ தாங்கும், 116 என்றால் 1,250 கிலோ.

பலரும் கவனிக்காத ஒரு விதி இங்கே இருக்கிறது. கார் வகை டயரைப் பிக்கப்பில் மாட்டினால், அதன் சுமைத் திறனை 1.1-ஆல் வகுத்துத்தான் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. பிக்கப்பில் சுமை ஒரு பக்கமாகச் சாயும், அதிகமாகவும் ஏற்றப்படும் என்பதால் வைத்த கழிவு அது. ஆகவே 116 குறியீடுள்ள டயர் 2,756 பவுண்டு தாங்கும் என்றாலும், உங்கள் வண்டியில் அதை 2,505 என்றே கொள்ளுங்கள். ஓர் அச்சுக்கு இரண்டு டயர், மொத்தம் 5,010 பவுண்டு. 114 குறியீட்டில் இதே கணக்கு 4,730-இல் நின்றுவிடும். இடையிலுள்ள 280 பவுண்டு சிறியதாகத் தோன்றலாம். 3,000 பவுண்டு படகை இழுக்கும்போது அதில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 300 முதல் 450 பவுண்டு, கொக்கி வழியாகப் பின் அச்சின் மேல்தான் இறங்குகிறது. அதனால் பழைய டயரின் குறியீட்டுக்குக் குறைவான எதையும், எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும், வாங்காதீர்கள். சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம்.

எல்டி டயரில் லோட் ரேஞ்ச் ஈ என்ற சுமைப் பிரிவையே கடைகளில் பத்து ப்ளை என்கிறார்கள். அதன் முழுச் சுமைத் திறனும் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) காற்றில்தான் கிடைக்கும். கதவு ஸ்டிக்கரில் உள்ள, கார் வகை டயருக்கான அழுத்தத்தையே அதில் வைத்து ஓட்டினால், அந்த அழுத்தத்தில் அது உங்கள் பழைய டயரைவிடக் குறைவாகவே தாங்கும். வலுவான டயர் போட்டுவிட்டோம் என்ற நிம்மதியோடு குறைந்த பாதுகாப்பில் ஓட்டுகிறவர்கள் நிறைய பேர். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. சரியான அழுத்தத்தைச் சுமை அட்டவணை பார்த்துக் கூட்டி வைத்தால் தாங்கும், ஆனால் காலி வண்டி குதிக்கும். டயர் ஒன்றுக்குப் பத்து பவுண்டு எடை கூடுவதும் சாதாரணம். சரளைக் கற்களிலும், காட்டு மரம் ஏற்றும் சாலைகளிலும், ஆணிகள் சிதறிக் கிடக்கும் கட்டுமானத் தளங்களிலும் நாள் முழுக்க ஓட்டுகிறவர்கள் எல்டி வாங்கட்டும். பக்கச் சுவர் கிழியாமல் இருப்பது அவர்களுக்குப் பெரிய லாபம். அலுவலகம் போய்வரும் உங்களுக்கு அது ஒவ்வொரு மைலிலும் மின்சாரச் செலவு.

இனி ரேஞ்ச். டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி விரிந்து சூடாகிறது. அந்தச் சூடு பேட்டரியிலிருந்து போன மின்சாரம். பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் பெரும்பகுதியை வெப்பமாகவே வீணடிப்பதால் டயரின் பங்கு அங்கே மறைந்துவிடும். மின் வண்டியில் வேறு வீணடிப்பு குறைவு, ஆகவே பளிச்சென்று தெரியும். ரிவியன் ஆர்1டி என்ற இன்னொரு மின் பிக்கப்பில் சாலை டயரிலிருந்து, கரடுமுரடான பாதைக்கான ஆல்-டெரெய்னுக்கு மாறினால் ரேஞ்ச் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. உங்கள் வண்டியிலும் ஆல்-டெரெய்ன் போட்டால் ஏறக்குறைய அந்த அளவு இழப்பை எதிர்பாருங்கள். பாதி எல்லாம் போகாது. ஆனால் கேபினில் எஞ்சின் சத்தம் இல்லாததால், அந்த டயரின் ரீங்காரம் நெடுஞ்சாலையில் காதை விட்டுப் போகவே போகாது.

ஒன்றுக்குத் தயாராக இருங்கள்: எந்தப் புதிய டயரைப் போட்டாலும் முதல் சில மாதங்கள் ரேஞ்ச் குறைந்தது போலத் தெரியும். தேய்ந்த டயரில் நசுங்க ரப்பரே அதிகமில்லை, எனவே எளிதாக உருளும். புதியதில் பட்டன் 10/32 அல்லது 12/32 அங்குல உயரம் இருக்கும்; அது தேயத் தேய எண்கள் மேலே வரும். இதைப் புரிந்துகொள்ளாமல் நல்ல டயரைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். அளவை மாற்றினாலும் கணக்கு ஏமாற்றும். 275/60 ஆர் 20 டயரின் உயரம் சுமார் 33 அங்குலம். தோற்றத்துக்காக 275/65 ஆர் 20 போட்டால் 34 அங்குலத்தைத் தாண்டும். உண்மையில் 100 மைல் ஓடினாலும் மீட்டர் 97-க்கும் குறைவாகவே காட்டும். அதே அளவில் இருங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

'மின் வண்டிக்கு' என்று அச்சிட்ட டயர்தான் வேண்டுமா? கட்டாயமில்லை. சுமைக் குறியீடு சரியாக இருந்து, உருளும் தடையும் குறைவாக இருந்தால் போதும். மிஷெலின் டிஃபெண்டர் எல்டிஎக்ஸ் எம்/எஸ் 2 போன்ற நெடுஞ்சாலை டயரை உங்கள் அளவில் தயங்காமல் பரிசீலிக்கலாம். பெயரில் எல்டி எழுத்துகள் இருப்பதால் குழம்ப வேண்டாம்; அளவுக்கு முன்னால் எல்டி என்று இருந்தால்தான் அது எல்டி டயர். இன்னொன்று, வண்டியோடு வந்த டயரும் கடையில் அதே பெயரில் விற்கும் டயரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அரசுச் சோதனையில் ரேஞ்ச் கூட வேண்டும் என்பதற்காக, வண்டி நிறுவனம் கேட்டபடி பட்டன் உயரத்தையும் ரப்பர் கலவையையும் மாற்றிக் கொடுப்பதுண்டு. ரிவியனுக்கென்று செய்த பிரெல்லி டயர்களில் அதற்கான தனி முத்திரையே இருக்கும்.

பனிக்கு வருவோம். எம்+எஸ் (சேறும் பனியும்) என்ற எழுத்துகளை மட்டும் நம்பாதீர்கள். அவை பட்டனின் வடிவத்தை வைத்துப் போடுபவை. மூன்று சிகர முத்திரை பனியில் இழுவைச் சோதனை முடித்துப் பெறுவது. ஆனால் அந்தச் சோதனை பிரேக்கையோ வளைவையோ அளப்பதில்லை. 6,500 பவுண்டு வண்டி கிளம்புவதற்கு நான்கு சக்கர இழுவை உதவும், நிற்பதற்கு உதவாது. விடியுமுன்பே, சாலை சுத்தப்படுத்தாத நேரத்தில் கிளம்ப வேண்டிய வேலை என்றால், தனியாக நான்கு குளிர்கால டயர்களை வேறு ரிம்மில் வைத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் காற்று ஏறத்தாழ 1 பிஎஸ்ஐ இறங்கும். அக்டோபரில் 70 டிகிரியில் அடித்த காற்று ஜனவரியின் 10 டிகிரியில் 6 பிஎஸ்ஐ குறைந்திருக்கும். ஜனவரி ரேஞ்சுக்கு டயரைக் குறை சொல்லுமுன் இதைப் பார்த்துவிடுங்கள். ஹீட்டரும் குளிர்ந்த பேட்டரியும் எடுப்பது அதைவிட அதிகம்.

இரண்டு டயர் கேள்வி. லைட்னிங்கில் அச்சுக்கு ஒரு மோட்டார். முன்னையும் பின்னையும் இணைக்கும் தண்டு இல்லை. அதனால் பழைய நான்கு சக்கர இழுவை வண்டிகளில் இருந்த கியர் சேதப் பயம் இங்கே பொருந்தாது. ஆனாலும் ஒரே அச்சில் இரண்டு டயர்களும் ஒரே மாடலாக, ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் பிடிப்பு வேறுபட்டால், ஈரத்திலும் பனியிலும் வண்டி எந்தப் பக்கம் நழுவும் என்பது உங்கள் கையில் இல்லை. நான்கும் வழுக்கையாகும் நிலையில் இருப்பதால், நான்கையும் மாற்றுங்கள். பிறகு ஒவ்வொரு 5,000 அல்லது 6,000 மைலுக்கும் முன்பின்னாக மாற்றிப் போடுங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மைலேஜ் உத்தரவாதம் கேட்கும் நாளில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

மாட்டும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். பக்கச் சுவரில் டிஓடி எழுத்துகளின் இறுதியிலுள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கும் அருகருகே இருக்கட்டும். வண்டியைத் தூக்கும்போது ஜாக்கி கையேட்டில் காட்டிய இடங்களில் மட்டுமே படவேண்டும். தரைக்கு அடியில் இருப்பது பேட்டரி. நட்டுகளை ஏர் கன்னால் முடுக்கிவிட்டு அனுப்ப விடாதீர்கள், டார்க் ரெஞ்சால் 150 அடி-பவுண்டு வைக்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட்டையும் அன்றே பார்த்துவிடுங்கள். 100 மைல் ஓடியதும் அதே கடைக்குப் போய், நட்டுகளை இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் காசு வாங்கமாட்டார்கள்.