கம்பைல் பண்ணியும் பழைய கணக்கே வருது, ஏன்?

கேள்வி: அண்ணே வணக்கம், குடியாத்தத்துல இருந்து எழுதறேன். எங்க வீட்ல தறி இருக்கு, கட்டம் போட்ட லுங்கிக்கு எந்த கலர் நூல் எத்தனை இழைன்னு கணக்கு போட சி-ல ஒரு மாட்யூல் (வேற ப்ரோகிராம் எடுத்து பயன்படுத்தற கோட் ஃபைல்) எழுதி, பைத்தான் ஷெல்லுல (வரி வரியா அடிச்சு ஓட்டற ப்ராம்ப்ட்) இம்போர்ட் பண்ணி பாத்துகினு இருக்கேன். சிவப்பு 48 இழை வரணும், 84ன்னு வந்துச்சு. சி ஃபைல்ல திருத்தி மறுபடி கம்பைல் பண்ணேன், எரர் எதுவும் இல்ல. ஷெல்லுல திரும்ப இம்போர்ட் பண்ணா அதே 84. திரும்ப ஏத்தற ரீலோட் ஃபங்ஷனும் போட்டு பாத்துட்டேன். சிஸ்டம்ல ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறெல்லாம் இல்ல தம்பி, ஷெல்ல மூடிட்டு திரும்ப திறங்க, 48 வரும். பைத்தான் ஒரு தடவ இம்போர்ட் பண்ணத சிஸ் மாட்யூல்ஸ்னு (sys.modules) ஒரு டிக்‌ஷனரில போட்டு வெச்சுக்கும், அடுத்த தடவ இம்போர்ட்னு அடிச்சா டிஸ்க் பக்கமே போகாது, உள்ள இருக்கறதையே எடுத்து நீட்டிடும். பைத்தான்லயே எழுதுன சாதா டாட் பிஒய் ஃபைலுக்கும் இதே கதைதான், ஆனா அதுக்கு ரீலோட் போட்டா ஃபைல முதல்ல இருந்து ஓட்டும். டாட் எஸ்ஓ, அதாவது சி கம்பைல் ஆகி வர்ற ஃபைல், அப்படி இல்ல. அத மெமரில ஏத்தறது லினக்ஸோட டிஎல்ஓப்பன்ங்கற (dlopen) ஃபங்ஷன், அதுகிட்ட ஃபைல் இருக்கற அதே இடத்த (path) திரும்ப குடுத்தா இதான் ஏற்கனவே ஏறியிருக்கேன்னு பழசையே கைல குடுக்கும், பைத்தானும் ஒரு தடவ ஏத்துனத எறக்கவே எறக்காது. சிஸ் மாட்யூல்ஸ்ல இருந்து பேர டெலீட் பண்ணா ஆகுமான்னு கேப்பீங்க, நானும் பண்ணி பாத்தவன்தான், ஆகல.

அதனால ஷெல்லுல அடிக்கற டெஸ்ட் வரி எல்லாத்தையும் ஒரு சின்ன பிஒய் ஃபைல்ல போட்டுக்கோங்க, பைத்தான் ஹைஃபன் ஐ (python -i) போட்டு அந்த ஃபைல் பேர குடுத்தா அத ஓட்டி முடிச்சிட்டு ப்ராம்ப்ட்ல கொண்டாந்து விடும், வேரியபிள் எல்லாம் அப்படியே இருக்கும். ப்ரவுசர்ல ஓட்டற ஜூபிட்டர் நோட்புக்னா, பின்னாடி ஓடற பைத்தான, அதாவது கெர்னல, ரீஸ்டார்ட் பண்ணணும்.

இன்னொண்ணு, நான் பட்டது. ஷெல் ஓடிகினு இருக்கும்போதே வேற ஃபோல்டர்ல கம்பைல் பண்ண டாட் எஸ்ஓ-வ பழசு மேல சிபி (cp) கமாண்ட் போட்டு காப்பி பண்ணிட்டேன், அடுத்த தடவ ஃபங்ஷன கூப்பிட்டதுமே செக்மென்டேஷன் ஃபால்ட்னு ஷெல்லே செத்துடுச்சு, அரை நாள் அடிச்சு வெச்சது மொத்தமும் போச்சு. சிபி அதே ஃபைலுக்குள்ளயே எழுதும், ஓடற தறில பாவு நூல அறுத்த மாதிரி. ஃபைல நகர்த்தற எம்வி (mv) போட்டிருந்தா பேரு மட்டும் புது ஃபைலுக்கு போயிருக்கும், ஷெல் பழசையே புடிச்சுகினு ஓடியிருக்கும், ஒரே டிஸ்க்குக்குள்ளன்னா.

கேள்வி: ராணிப்பேட்டைல இருந்து ஒரு மாணவி. காலேஜ் லேப்ல கம்பைல் பண்ண டாட் எஸ்ஓ ஃபைல பென் டிரைவ்ல வீட்டுக்கு கொண்டு வந்தேன், அந்த பேர்ல மாட்யூலே இல்லன்னு எரர் வருது, ஃபைல் கண்ணு முன்னாடியே இருக்கு சார். ரெண்டுமே லினக்ஸ்தான். லேப்ல பைத்தான் 3.8, வீட்ல 3.12.

பதில்: கேள்விலயே பதில் இருக்கும்மா. ஃபைல் பேரோட வால பாருங்க, சிபைத்தான் ஹைஃபன் 38ன்னு (cpython-38) இருக்கும், உங்க வீட்டு பைத்தான் 312ன்னு வால் இருக்கறதத்தான் தேடும், இத கண்டுக்கவே கண்டுக்காது. உடனே வால வெட்டிட்டு வெறும் டாட் எஸ்ஓ-ன்னு பேர் மாத்தலாம்னு தோணும், மாத்தினா ஏத்த பாக்கவும் செய்யும், ஆனா உள்ள இருக்கற ஸ்ட்ரக்சர் எல்லாம் 3.8 கணக்குல இருக்கறதால எங்க போய் முட்டும்னு சொல்ல முடியாது. சோர்ஸ கொண்டு வந்து வீட்லயே கம்பைல் பண்ணுங்க, ரெண்டு நிமிஷ வேலை. ஒரே ஃபைல் பல வெர்ஷன்ல ஓடணும்னா லிமிடெட் ஏபிஐ-னு, வெர்ஷன் மாறுனாலும் மாறாத ஃபங்ஷன் மட்டும் இருக்கற ஒரு தொகுப்பு, 3.2-ல இருந்தே இருக்கு, பேர்ல ஏபிஐ3-ன்னு (abi3) வரும், ஆனா அதுல எல்லா ஃபங்ஷனும் கிடைக்காது. மாட்யூலோட முன் பேர மாத்திடாதீங்க, பைஇனிட் அண்டர்ஸ்கோர் (PyInit_) போட்டு சி-ல குடுத்த பேரும் ஃபைல் பேரும் ஒண்ணா இருக்கணும்.

கேள்வி: வாலாஜாவுல இருந்து. ஹாஸ்கெல் மொழி கத்துக்கறேன். அதோட ஷெல்லான ஜிஹெச்சிஐ-ல (GHCi) லோட் பண்ணா நேத்து வரைக்கும் வேலை செஞ்ச சின்ன சின்ன ஃபங்ஷன்லாம் இன்னிக்கு ஸ்கோப்ல இல்ல, அதாவது அப்படி பேரே தெரியாதுன்னு சொல்லுது. நடுவுல ஒரு தடவ ஹாஸ்கெல் கம்பைலர் ஜிஹெச்சி-ல (GHC) கம்பைல் பண்ணேன், அவ்ளோதான்.

பதில்: அந்த கம்பைல்தான் காரணம். கம்பைல் பண்ணும்போது உருவாகற டாட் ஓ, டாட் ஹெச்ஐ ஃபைல் ரெண்டும் பக்கத்துல இருந்து சோர்ஸும் மாறாம இருந்தா ஜிஹெச்சிஐ கம்பைல் ஆனதையே எடுத்துக்கும், அதுல எக்ஸ்போர்ட் பண்ண பேர் மட்டும்தான் வெளிய தெரியும். லோட் பண்ணும்போது மாட்யூல் பேருக்கு முன்னாடி ஒரு ஸ்டார் போடுங்க, சோர்ஸையே எடுத்து ஓட்டும், உள்ள இருக்கறதெல்லாம் தெரியும். வேகம் கம்மியா இருக்கும், கத்துக்கறப்ப அது பெருசில்ல.