உலகில் ஆண்ட்ராய்டு எத்தனை சதவீதம், ஐபோன் எத்தனை? ஏன் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள்?

ஐபோனின் பங்கு 20 சதவீதத்தை ஒட்டி என்று ஒரு அறிக்கை, 27, 28 என்று இன்னொன்று. எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரிதான், எண்ணுகிற பொருள்தான் வேறு.

ஐடிசி, கவுண்டர்பாயிண்ட் போன்ற சந்தை ஆய்வு நிறுவனங்கள் காலாண்டுதோறும் விற்பனைக்குக் கிளம்பும் புதிய போன்களை எண்ணுகின்றன. ஆண்டு முழுவதையும் சேர்த்தால் அதில் ஐபோன் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. செப்டம்பரில் புது மாடல் வந்ததும் ஏறும், அப்புறம் இறங்கும். அதனால் ஒரு காலாண்டை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

27, 28 என்பது ஸ்டேட்கவுண்டர் என்ற இணையப் புள்ளிவிவர நிறுவனத்தின் கணக்கு. அது போன்களை எண்ணுவதே இல்லை. தன் நிரல் உள்ள இணையதளங்களில் எத்தனை பக்கங்கள் எந்தப் போனிலிருந்து திறக்கப்பட்டன என்றுதான் பார்க்கிறது. என் அம்மாவிடம் ஆண்ட்ராய்டு போன் இருக்கிறது. காலையில் வாட்ஸ்அப், மதியம் யூடியூப், சாயங்காலம் பேரனோடு வீடியோ கால். குரோமைத் திறந்து நான் பார்த்ததே இல்லை. அந்தக் கணக்கில் அம்மாவின் போன் பூஜ்யம். ஒரே நாளில் நூறு செய்திப் பக்கம் படிக்கிறவரின் போனுக்கோ நூறு ஓட்டு.

நீங்கள் கேட்பது மக்கள் கையில் இப்போது இருக்கும் போன்களை. அதற்கு ஆயுளையும் சேர்க்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, ஆண்டுக்கு 100 போன் விற்கிறது, 80 ஆண்ட்ராய்டு, 20 ஐபோன் என்று வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு மூன்று ஆண்டும், ஐபோன் கை மாறி நான்கு ஆண்டும் ஓடினால், புழக்கத்தில் ஆண்ட்ராய்டு 240, ஐபோன் 80, மொத்தம் 320. விற்பனையில் 20 சதவீதமாக இருந்தது இங்கே 25 ஆகிவிடுகிறது.

இதை ஒத்துப்பார்க்க 2021 வசதியான ஆண்டு. ஜனவரியில் ஆப்பிள் 100 கோடிக்கு மேல் ஐபோன்கள் புழக்கத்தில் இருப்பதாகச் சொன்னது. மே மாதம் கூகுள் ஆண்ட்ராய்டுக்கு 300 கோடி என்றது. நாலில் ஒன்று! ஆனால் கூகுளின் எண் பிளே ஸ்டோரை வைத்து எடுத்தது. அந்த ஸ்டோரே இல்லாத சீனப் போன்கள் அதில் வராது. அவற்றைச் சேர்த்தால் ஐபோனின் பங்கு இன்னும் குறையும். இப்போது சீனாவில் ஹுவாவேயின் சொந்த இயங்குதளமான ஹார்மனி ஓஎஸ் வேறு தனிக்கணக்கு.

மொபைல் ஆப் உருவாக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால் உலகச் சராசரியை விட்டுவிடுங்கள். ஸ்டேட்கவுண்டர் கணக்கிலேயே அமெரிக்காவில் ஐபோன் பாதிக்கு மேல், இந்தியாவில் ஆண்ட்ராய்டு 95 சதவீதத்தை ஒட்டி.